வீரபாண்டி வரை ஓயாத ஹாரன்

யுத்தம் தொடங்கி மூன்றாவது சித்திரை. மச்சான் இரண்டாவது என்று சாதிப்பார். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு நடந்தது இது, எனவே நான் சொல்வதே சரி.

மச்சான் என்றால் என் அக்காள் கணவர். மலை எஸ்டேட்டில் கழித்துவிட்ட ஒரு காரை வாங்கிவந்து, சின்னமனூர் வீட்டின் மாட்டுக்கொட்டத்தில் நிறுத்தியிருந்தார். கொட்டத்திலிருந்த எருமை வேப்பமரத்தடிக்குக் குடிபெயர்ந்தது. இதை அவருடைய தாயார், எனக்கு அத்தை முறை, மன்னிக்கவே இல்லை. போதாததற்கு, பருத்திக்கொட்டை தின்ன வந்த எலிகள் காரின் வயர்களையும் ருசி பார்த்துவிட்டன. அத்தை தீர்ப்புச் சொன்னார். திருவிழாவுக்குத் தன்னை வீரபாண்டிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தால் கார் இருக்கலாம். வழியில் ஓரிடத்தில் நின்றாலும் கொட்டம் எருமைக்கு.

ஆகவே நாங்களே வயரிங் வேலையில் இறங்கினோம். நான் மோட்டார் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் படித்திருந்தேன். மச்சான் படிக்கவில்லை, அதனால் அவருக்குத் தைரியம் அதிகம். அக்காளின் கரியடுப்பைப் பறிமுதல் செய்து அதில் சால்டரிங் அயர்னைக் காய்ச்சினோம். அன்று மதியம் எல்லோருக்கும் பழைய சோறுதான். ஈயம் வயரில் ஒட்டாமல் உருண்டு உருண்டு மச்சானின் வேட்டியில் விழுந்தது. செம்புக் கம்பியைப் பளபளவென்று தேய்த்து, குங்கிலியப் பொடி தூவி, கம்பியையே சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகும்படி விட்டபோதுதான் பிடித்தது.

இணைப்புகளைச் சுற்ற டேப் எங்குமே கிடைக்கவில்லை. மச்சான் அந்த ஓட்டை வேட்டியையே கிழித்துச் சுற்றினார். மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“சித்திரையில ஏது மாப்ள மழை?”

மழை பெய்யவில்லைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை புறப்படுகிற நேரத்தில் அத்தை ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். பொங்கலன்று காளைக்கு ஊற்றுவதுபோல பானட்டின் மேல் ஊற்றினார். ஒரு இடுக்கையும் விடவில்லை. கொம்பில்லாததால் விளக்குகளுக்குக் குங்குமம் வைத்தார்.

சீலையம்பட்டி தாண்டியதும் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. நனைந்த துணி நழுவி, ஹாரன் வயரின் இணைப்பு ஸ்டியரிங் கம்பத்தின் இரும்பைத் தொட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நிறுத்தினால் ஒரு நிமிஷ வேலை. ஓடும்போது ஈர வயரில் கை வைக்க மச்சான் விடவில்லை. நிறுத்தினால் எருமை ஜெயித்துவிடும். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மாட்டுவண்டிகள் ஒதுங்கின. அக்கினிச்சட்டி எடுத்துப் போனவர்கள் ஒதுங்கினார்கள். வீரபாண்டிப் பாலத்தருகே நின்ற போலீஸ்காரர், யாரோ பெரிய துரை வருகிறார் என்று நினைத்தோ என்னவோ, விறைப்பாக சலாம் வைத்தார். அத்தை அதை வாங்கிக்கொண்டார்.

அத்தை கும்பிட்டு வருவதற்குள் அந்த இணைப்பைக் காயவைத்து, என் துண்டின் ஓரத்தைக் கிழித்து இறுகச் சுற்றினோம். சுத்தமான வேலை. கார் புறப்பட்டது, சத்தமே இல்லை. கோயில் எல்லையைக் கடப்பதற்குள் அத்தை மகனின் தோளில் தட்டினார்.

“ஏலே, சத்தம் எங்க?”

“ரிப்பேரு ஆயிருந்துச்சு ஆத்தா, சரி பண்ணியாச்சு.”

“வாறப்ப போலீசே கும்பிட்டாக. இப்ப ஆட்டுக்குட்டிகூட ஒதுங்க மாட்டேங்குது. இதுக்கு எதுக்கு ஒரு காரு? கொட்டத்துல எருமையவே கட்டிப்புடலாம்.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, சற்றுமுன் சுற்றிய துண்டைப் பிரித்து, வயரை இரும்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சின்னமனூர் வரை அப்படியே வந்தேன். இடையில் கையை மாற்றியபோதெல்லாம் பின்னாலிருந்து அத்தை கனைத்தார்.

எங்கும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தோம். கொட்டம் காருக்கே என்று அத்தை வாய் திறந்து சொன்னார். அதற்குள் வேப்பமரத்தடியிலிருந்த எருமை, அந்தச் சத்தத்தில் மிரண்டு, முளையைப் பிடுங்கிக்கொண்டு வயல் பக்கம் ஓடிவிட்டது.

“நிக்கியளே ரெண்டு பேரும். காரை எடுத்துக்கிட்டுப் போயி தேடுங்க,” என்றார் அத்தை. “சத்தத்தோட போங்க.”