கன்னிக்காலாக நட்ட மேப்பிள்

பாரிசுக்குப் பக்கத்துப் பொண்டியில் அக்காவும் அத்தானும் வீடு வாங்கியது இரண்டாயிரத்து ஒன்பதில். பார்க்க வந்த சொந்தக்காரர் யாரும் வீட்டை அவ்வளவாகப் பார்க்கவில்லை. பின் வளவில் நின்ற மரத்தைத்தான் பார்த்தார்கள். கூரைக்கு மேலே எழும்பிய பெரிய மரம். இலையைக் கையில் எடுத்தால் கனடாக் கொடி. அன்றைக்கே அதற்குக் ‘கனடா மரம்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

அடுத்த வருடம் எங்கள் பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்தார். மரத்தின் கீழே நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது எங்கடை மேப்பிள் இல்லை. எங்கடை மரத்திலை இனிப்புப் பாணி வடியும்.”

“பாணி வேண்டாம் அண்ணை,” என்றார் அக்கா. “நிழலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ. ஒரு மிளகாய்க் கண்டு வைக்க ஏலாமல் கிடக்கு.”

அக்கா சொன்னது பொய்யில்லை. அதன் கீழே புல்லே ஒழுங்காக வராது. வேர்கள் முதுகு தெரிய மண்ணின் மேலாகவே ஓடி, பெய்கிற ஈரத்தையெல்லாம் தாங்களே குடித்துவிடும். மேலே இலை அடர்த்தி. கோடையில் அங்கே நின்றால் யாரோ குடை பிடித்த மாதிரி இருக்கும். இலை வருவதற்கு முன்னமே, குளிர் விட்டும் விடாத நாட்களில், மஞ்சளும் பச்சையும் கலந்த சின்னச் சின்னப் பூக்கொத்துகள் மரம் முழுக்க வந்துவிடும். அதைக்கூட அக்கா பூ என்று ஏற்றுக்கொள்ளவில்லை. “பூவெண்டா வாசம் வேணும், இல்லாட்டிச் சாமிக்கு வைக்க ஏலவேணும்” என்பார்.

நான் பாரிசில், எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில், மரக்கறிக் கடையில் நிற்கிறவன். பெரிய படிப்பு எதுவும் இல்லை. கடைக்கு வருகிற சனத்தின் கதை கேட்டே பாதி அறிவு வந்தது. வெண்டிக்காய் முற்றலா பிஞ்சா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மரம் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டி வந்தது மருமகளின் கலியாணத்தால்தான்.

மருமகள் என்றால் அக்காவின் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். கலியாணம் ஓகஸ்ட்டில் என்று முடிவானது. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில், தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளில் வளவின் வடகிழக்கு மூலையில் ஒரு தடி நடுவார்கள். அதுதான் கன்னிக்கால். முள்முருக்குத் தடிதான் வழக்கம். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, பெண்கள் பாலும் தண்ணீரும் ஊற்றுவார்கள். கலியாணம் முடிந்த பிறகும் தண்ணீர் விடுவார்கள். முருக்கு மெல்ல வேர்விட்டுத் துளிர்த்துவிடும். அது துளிர்ப்பதைப் பார்த்தால் பெண்ணைப் பெற்ற தாய்க்கு ஒரு நிம்மதி.

பாரிசில் அநேகம் பேர் மண்டபத்தில் ஒரு பூச்சாடியில் ஏதோ ஒரு கிளையைக் குத்தி வைப்பார்கள். சடங்கு முடிந்ததும் அது போய்விடும். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“வளவு இருக்கு, மண் இருக்கு. நான் சாடியிலை நட மாட்டன்.”

ஆனால் முருக்குக்கு எங்கே போவது? கடையில் நின்று விசாரித்தேன். கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, “மூங்கில் வையுங்கோ தம்பி, கெதியா வளரும்” என்றார். பின்னால் வரிசையில் நின்ற அண்ணை விடவில்லை. “மூங்கிலை வைச்சா, மாப்பிளை முதல் விருந்துக்கு வரேக்கை கத்தியோடைதான் உள்ளை வரவேணும்.”

கடைசியில் ஐயரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். “முருக்கு இல்லாட்டிப் பால் வாற மரம் ஏதாவது பாருங்கோ. பால் மரம் மங்கலம்” என்றார் அவர்.

அத்தான் அதிகம் பேசாத மனிதர். போனை வைத்ததும் எழும்பிப் பின் வளவுக்குப் போனார். கனடா மரத்தில் ஒரு இலையைப் பறித்து அதன் காம்பை முறித்தார். வெள்ளையாகப் பால் கசிந்தது.

“இஞ்சை வந்து பாரும்” என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா அந்தக் காம்பைக் கையில் வாங்கிப் பார்த்தபடியே நின்றார். “இவ்வளவு காலமும் இதையெல்லோ நான் ஏசிக்கொண்டிருந்தனான்” என்றார்.

அத்தான் நேரான ஒரு கிளை பார்த்து வெட்டினார். நான் ஏணியைப் பிடித்தேன். ஐயர் வந்து மந்திரம் சொல்ல, வடகிழக்கு மூலையில், மரத்தின் நிழல் கொஞ்சம் விலகிய இடத்தில், தடி நடப்பட்டது. மருமகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். கலியாணமும் நல்லபடியாக முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்து ஊரான பொபினியில் ஒரு நாலாம் மாடி வீட்டில் குடியேறினார்கள்.

தடி மட்டும் துளிர்க்கவில்லை.

எங்கள் ஆட்களின் மனதின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. தடி என்றால் முளைக்கும். கிளுவை, பூவரசு, முருக்கு என்று வேலிக்கு வெட்டி நட்டதெல்லாம் மரமாகி நின்றதைப் பார்த்த கண் அல்லவா. அந்தக் கிளையும் அப்படித்தான் வரும் என்று வந்திருந்தவர்கள் எல்லாரும் நினைத்தோம், ஐயர் உட்பட. இலை அந்தக் கிழமையே சுருண்டது. புரட்டாசி வரக் கொட்டியது. பிறகு பட்டை சுருங்கத் தொடங்கியது. அக்கா ஒவ்வொரு காலையும் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார். சுற்றிவர மண்ணைக் கொத்திவிடுவார். அத்தான் புல் வெட்டும் இயந்திரத்தோடு வந்தால், “அந்த மூலைப் பக்கம் வராதேங்கோ” என்று வாசலில் நின்றே தடுத்துவிடுவார்.

பயம் தொலைபேசிக்குள்ளும் போனது. அக்கா ஒவ்வொரு மாலையும் மகளுக்குப் போன் எடுப்பார்.

“அவர் உன்னோடை நல்லாக் கதைக்கிறவரோ?”

“ஓம் அம்மா.”

“நேற்று ஏன் உன்ரை குரல் ஒரு மாதிரி இருந்தது?”

“தடிமன் அம்மா.”

“அழுதனியோ?”

“மூக்கு அடைச்சது அம்மா.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் வீட்டுக்கு வந்தபோது அக்கா தடிக்குப் புதிதாக மஞ்சள் நூல் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவள் கேட்டாள். உங்கள் இரண்டு பேருக்காகவும் நேர்த்தி வைத்திருக்கிறேன் என்றார் அக்கா. கோபம் வந்தால் அவள் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் போனாள். என் கலியாணம் இந்த மூலையில் இல்லை, பொபினியில் இருக்கிறது. இந்தத் தடி இங்கே நிற்கும்வரை நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன். அவ்வளவும் சொல்லிவிட்டு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அக்காவுக்குப் பிரெஞ்சு முழுக்க விளங்காது. அன்றைக்கு விளங்கியது.

“கன்னிக்காலைப் பிடுங்கச் சொல்லுறாள்” என்று என்னிடம் சொல்லி அழுதார். “அதைப் பிடுங்கினா நானே அவளின்ரை வாழ்வைப் பிடுங்கின மாதிரி எல்லோ.”

மகள் வரவில்லை. தாய் பிடுங்கவில்லை. ஒருநாள் அத்தான் கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்காமல் தக்காளியை உருட்டிக்கொண்டு நின்றார்.

“உன்ரை அக்கா ஞாயிறிலை நாலு பேருக்குச் சமைக்கிறா. நாங்கள் ரெண்டு பேர் சாப்பிடுறம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் கிழமை லீவு நாளில் நூலகத்துக்குப் போனேன். படம் போட்ட மரப் புத்தகங்களாக எடுத்து வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேப்பிள் என்பது தனி மரமில்லை, பெரிய குடும்பம். எங்கள் குடும்பம் மாதிரியே ஆளுக்கொரு குணம். அக்கா வீட்டு மரத்தை நோர்வே மேப்பிள் என்கிறார்கள். காம்பில் பால் வருவதுதான் அதன் அடையாளம். ஏறக்குறைய அதே மாதிரி இலையோடு இன்னொரு இனம் இங்கே பரவலாக நிற்கிறது, சீக்கமோர் என்று. அதன் காம்பை முறித்தால் வெறும் தண்ணீர்தான். பூவும் மேல் நோக்கி நிற்காது, திராட்சைக் குலை போலத் தொங்கும்.

அதன் பிறகு என் கண் மாறிவிட்டது. லா சப்பலில் தலைக்கு மேலே மெத்ரோ ஓடுகிற பெரிய தெரு ஓரத்து மரங்களும் மேப்பிள்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இல்லை, அவை பிளாத்தான் மரங்கள். மேப்பிளில் இலைகள் எதிரெதிரே சோடியாக வரும். இவற்றில் இங்கொன்று அங்கொன்று. காயும் உருண்டை. ரயில் பாதை ஓரக் குப்பையில் ஒரு மேப்பிள் நின்றது, நெகுண்டோ. அதன் இலை ஒரு காம்பில் மூன்றும் ஐந்துமாகப் பிரிந்திருப்பதால் மேப்பிள் என்று யாரும் நம்பமாட்டார்கள். அவசரமாக வளரும், அவசரமாக முறியும். பொண்டியில் நான் பஸ் இறங்குகிற இடத்து வேலி முழுக்க வயல் மேப்பிள். சின்ன இலை, கிளையில் தக்கை மாதிரி வரம்பு. எத்தனை தரம் வெட்டினாலும் பொறுமையாகத் திரும்பத் தழைக்கும். ஒரு உணவகத்து வாசல் சாடியில் சிவந்து நிற்கிற யப்பான் மேப்பிள் மெதுவான ஆள், வெயிலும் வறண்ட காற்றும் ஆகாது. எங்கள் ரொறன்ரோ அண்ணை சொன்ன பாணி மரத்துக்கோ, இரவு உறையவேண்டும், பகல் இளகவேண்டும். அப்போதுதான் சாறு ஓடும்.

நான் தேடிய விசயம் கடைசியாகத்தான் கிடைத்தது. வெட்டி நட்ட கிளையில் வேர் விடுவது நோர்வே மேப்பிளுக்கு அநேகமாக வராது. அதற்கு விதைதான் வழி. இரண்டு இறக்கையோடு சுழன்று சுழன்று விழுமே, அந்த விதை. வெள்ளி மேப்பிள் என்ற இனத்தில் விதை கோடை தொடங்கமுன் விழுந்து உடனேயே முளைத்துவிடும். இதில் அப்படி இல்லை. இலையுதிர் காலத்தில் விழுந்து, ஈர மண்ணில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தால்தான் அதற்குள் இருக்கிற பூட்டுத் திறக்கும்.

போய் அக்காவிடம் சொன்னேன்.

“நீ லா சப்பலிலை மரக்கறி விக்கிறனி. மரம் விக்கிறேல்லை” என்றார்.

“புத்தகத்திலை கிடக்கு அக்கா. அந்தத் தடி பட்டதுக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யார் நட்டாலும் அது பட்டுத்தான் போகும்.”

“அப்ப ஏன் பால் வந்தது?”

அக்கா செம்பை எடுத்துக்கொண்டு எழும்பினார். பனி கொட்டிய நாட்களிலும் அந்தச் செம்பு நிற்கவில்லை. மேலே விழுந்த சருகை மட்டும், குளிருக்குப் போர்வை மாதிரி இருக்கட்டும் என்று தடியின் அடியில் அப்படியே விட்டிருந்தார்.

மார்ச் கடைசியில் ஒருநாள் கடையில் நிற்கும்போது அக்கா போன் எடுத்தார்.

“தம்பி, கன்னிக்காலுக்கு அடியிலை ஏதோ கிளம்பியிருக்கு. களையோ தெரியேல்லை. பிடுங்கட்டோ?”

“பிடுங்காதேங்கோ அக்கா. நான் வாறன்.”

வேலை முடிந்த கையோடு போனேன். அத்தான் முன்னமே அங்கே குந்தியிருந்தார். தடியைச் சுற்றிச் சருகைத் தள்ளிக்கொண்டு நாக்கு மாதிரி நீண்ட இரண்டிரண்டு இலைகள், ஒரு கூட்டமாக. சிலதின் தலையில் பழைய விதையின் இறக்கை தொப்பி மாதிரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வளவின் மற்றப் பக்கமெல்லாம் பார்த்தேன். வேரும் வறண்ட மண்ணும்தான். விழுந்த விதைகள் காய்ந்து கிடந்தன.

“மரத்தின்ரை பிள்ளையள் அக்கா. எல்லா இடமும்தான் விதை விழுந்தது. நீங்கள் கொத்தித் தண்ணி விட்ட இடத்திலை மட்டும் முளைச்சிருக்கு.”

அக்கா பக்கத்தில் புடைத்திருந்த வேரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“பிள்ளை, தடி காய்ஞ்சு போச்சு” என்றார். “அது தடிதானே. ஆனா அடியிலை கண்டு முளைச்சிருக்கு.”

மறுமுனையில் மருமகள் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது. “எத்தினை?”

“நிறைய. எண்ண வேணுமெண்டா வந்து எண்ணு.”

அந்த ஞாயிறு இரண்டு பேரும் வந்தார்கள். நாலு பேருக்குச் சமைத்ததை ஐந்து பேராகச் சாப்பிட்டோம். பிறகு எல்லாரும் வடகிழக்கு மூலைக்குப் போனோம். மருமகள் முழங்காலில் நின்று பார்த்தாள்.

“இதிலை கனடா இலை எங்கை மாமா?”

“இது பால்குடி இலை. அடுத்த சோடியிலை பல்லு வரும். அதுக்குப் பிறகுதான் தாயின்ரை சாயல்.”

அக்கா தடியில் கை வைத்தார். “இனி இதைப் பிடுங்கிறன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

“வேண்டாம் அம்மா,” என்றாள் மருமகள். “அது நிக்கட்டும். இல்லாட்டி அப்பா புல்லெண்டு வெட்டிப்போடுவார்.”

அத்தான் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

போகும்போது அவள் ஒரு கன்றை மண்ணோடு கிளப்பித் தயிர் வாளியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனாள். இது பல்கனி மரமில்லை, கூரைக்கு மேலே போகிற சாதி என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப வீடு வாங்கத்தானே வேணும்” என்றாள்.

வாங்கினார்கள், சில வருடம் கழித்து, லெ பிளாங்-மெனில் என்ற ஊரில். கன்று இப்போது அங்கே மதிலிலிருந்து தள்ளி நிலத்தில் நிற்கிறது, என்னைவிட உயரம். அதன் தண்டில் வருடத்துக்கு ஒரு வளையத் தழும்பு இருக்கும். ஒரு தழும்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ளதுதான் அந்த வருட வளர்ச்சி. நான் போகிறபோதெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பேன். சாடியில் இருந்த வருடங்கள் விரலளவு. நிலத்துக்கு வந்த மறுவருடம் ஒரே பாய்ச்சல். குப்பை யார் கொண்டுபோவது என்று அவர்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். மரம் அதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அக்கா இன்னும் ஒவ்வொரு மாலையும் மகளை எடுக்கிறார். கேள்விதான் மாறிவிட்டது.

“தண்ணி விட்டனியோ?”

“ஓம் அம்மா.”

“ரெண்டு பேரும் சாப்பிட்டனீங்களோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப சரி. வைக்கிறன்.”