தொட்டிக்கு வந்த அஜீரணம்

கூட்டுறவுச் சங்கத்தின் சாண எரிவாயு நிலையத்துக்கு மேற்பார்வையாளராக வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு ‘சென்ட் சார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு முறை, நிலையத்து வாசலில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை என்று கழுத்திலும் கக்கத்திலும் பீய்ச்சிக்கொள்வார். சாண நாற்றமும் மல்லிகை சென்ட்டும் கலந்து மூன்றாவதாக ஒரு வாடை வருமே, அதற்கு வெறும் சாணமே தேவலை என்று சாணம் கொண்டுவரும் வண்டிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

பதினொரு வருடத்தில் அவர் ஒரு வாளி சாணத்தைக்கூடத் தூக்கியதில்லை. அவருடைய அறையின் ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தொட்டி தெரியும், தொட்டியின் மேல் மிதக்கும் பெரிய இரும்பு மூடி தெரியும். உள்ளே வாயு சேரச் சேர மூடி மேலே எழும்பும். மூடியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் அடிக்கணக்கு எழுதியிருந்தார்கள். தினமும் காலையில் சென்ட் சார் எட்டிப் பார்ப்பார், ‘நாலரை அடி’ என்று எழுதுவார், பேனாவை மூடுவார். அன்றைய உழைப்பு முடிந்தது.

மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டது கலவை அக்கா. சாணம், வெட்டிய சோளத்தட்டை, கிழங்கு மாவு ஆலையில் மிஞ்சும் சக்கை எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தொட்டிக்குள் தள்ளுவது அவள் வேலை. ஐந்து வாளி சாணத்துக்கு ஒரு வாளி சக்கை, அதற்கு மேல் ஒரு கைப்பிடி கூடப் போடமாட்டாள். குனிந்து மோந்து பார்த்தே இன்றைக்குத் தொட்டிக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவாள். பக்கத்துக் குடியிருப்பில் நாற்பது வீட்டு அடுப்பு அவள் மூக்கை நம்பித்தான் எரிந்தது. சென்ட் சாருக்கோ அவள் குனிந்து மோந்து பார்ப்பதைக் கண்டாலே குமட்டும்.

மனைவி வீட்டாரிடம் அவர் ‘எரிசக்தித் துறையில் அதிகாரி’. பொய் என்று சொல்ல முடியாது, மெய் என்று சொல்ல மனசு வராது. அவருடைய சகலைக்கு வங்கியில் வேலை, ஏசி அறை. ஒரு குடும்ப விருந்தில் சகலை பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்கி, “பக்கத்துல எங்கயாவது மாட்டுக்கொட்டாய் இருக்கா?” என்று கேட்டுவிட்டார். எல்லாரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். சென்ட் சாரும் கூடவே உறிஞ்சிப் பார்த்து, “ஆமா, ஏதோ வருது” என்றார். மனைவி தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்: தலைமை அலுவலகத்துக்கு மாற்றல்.

மாற்றலும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. சங்கத் தலைவர் நிலையத்தை நேரில் பார்க்க வருகிறார், பார்த்துவிட்டு மாற்றல் விஷயம் முடிவாகும் என்று சேதி. கணவருக்கு இனிமேல் ஏசி அறைதான் என்று மனைவி தன் தங்கைக்குப் போன் போட்டே சொல்லிவிட்டாள். சென்ட் சாருக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் வரும் நாளில் மூடி உச்சியில் நிற்க வேண்டும், அதைப் பார்த்து அவர் வாயைப் பிளக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மகளின் பிரசவத்துக்காகக் கலவை அக்கா ஒரு வாரம் லீவு கேட்டாள். சென்ட் சார் கேட்டவுடன் கொடுத்தார். போகும்போது அவள், “சக்கையை மட்டும் அதிகமாப் போட விடாதீங்க சார். தொட்டியும் ஒரு வயிறுதான், செரிக்காது” என்றாள். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. மறுநாளே, சக்கை ஏற்றி வந்த டிராக்டரைத் தொட்டி வாயில் அப்படியே கவிழ்க்கச் சொன்னார். அடுத்த நாள் இரண்டு டிராக்டர். சாணம் அள்ள ஆள் இல்லையே என்று டிரைவர் கேட்டதற்கு, “சாணத்துல என்னய்யா சத்து இருக்கு?” என்று திருப்பிக் கேட்டார். பதினொரு வருடம் சாண எரிவாயு நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்கிற கேள்வியா இது? சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

மூடி எழும்பத்தான் செய்தது. ஐந்தடி, ஆறடி, ஏழரை அடி. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அந்த உயரத்தை யாரும் கண்டதில்லை. நடுவில் குடியிருப்பிலிருந்து இரண்டு பேர் வந்து, அடுப்பு நின்று நின்று எரிகிறது என்றார்கள். குழாயில் தண்ணீர் கோத்திருக்கும் என்று பூசி மெழுகி அனுப்பிவைத்தார்.

தலைவர் வரவேண்டிய அன்று காலையில் கலவை அக்கா பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன சார் புளிச்ச வாடை வருது? எவ்வளவு போட்டீங்க?”

“வாடையை விடு. மூடியைப் பாரு.”

அவள் மூடியைப் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனாள். வருகிறவர்களுக்கு எரித்துக் காட்ட அங்கே ஓர் அடுப்பு உண்டு. அதைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினாள். புஸ்ஸென்று காற்று வந்தது, குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சி, மூன்றாவது குச்சி. யாரோ வாயால் ஊதுவது போல அணைந்தது.

“உள்ள இருக்கிறது வெறும் காத்து சார். எரியுற வாயு இல்ல. எரிவாயு உண்டாக்குற கிருமியெல்லாம் புளிப்புல செத்துப்போச்சு.”

தலைவர் வர இரண்டு மணி நேரம்தான் இருந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் கொட்டகைக்கும் நடந்த சென்ட் சார், கடைசியில் கேன்டீனுக்கு ஓடி சமையல் கேஸ் சிலிண்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அவர் அந்த நிலையத்தில் தூக்கிய முதல் பாரம் அதுதான். கொட்டகைச் சுவருக்குப் பின்னால் சிலிண்டரை மறைத்து வைத்து, சுவரில் இருந்த ஓட்டை வழியாக ரப்பர் குழாயை விட்டு அடுப்பில் மாட்டினார். கலவை அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் வந்தார். மூடியை அண்ணாந்து பார்த்தார், வாயைப் பிளந்தார். அடுப்பைப் பற்றவைத்ததும் நீலமாய்க் குபுகுபுவென்று எரிந்த தீயைப் பார்த்துவிட்டுக் கையே தட்டினார்.

“எப்படிய்யா இது?”

“என்னோட முறைங்க ஐயா. ஒரு வாரமா நானே நேர்ல நின்னு பாத்துக்கிட்டேன்.”

தலைவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சென்ட் சார் கையை நீட்டக்கூடச் செய்தார்.

“இது உங்க மாற்றல் உத்தரவு. தலைமை அலுவலகத்துல ஃபைல் பாக்குற வேலை. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுத்தான் வந்தேன்” என்ற தலைவர் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். “இந்த மாதிரி ஆளை ஃபைல் பாக்க உக்கார வச்சா அதைவிட அநியாயம் உண்டா? நீங்க இங்கதான் இருக்கணும்.”

“ஐயா, இதுல என் பங்கு ரொம்பக் கம்மிங்க.”

“இந்த அடக்கம் யாருக்கு வரும்? தொட்டிக்குப் பக்கத்துல காலி இடம் கிடக்கே, அங்கயே ஒரு வீடு கட்டித் தரச் சொல்றேன். குடும்பத்தோட வந்துடுங்க. அடுத்த மாசம் மத்த சங்கத்துக்காரங்களையும் கூட்டிட்டு வரேன், இதே மூடி, இதே தீ இருக்கணும்.”

சென்ட் சார் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் வேலையே போகும். சொல்லாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டியேறினார்.

கலவை அக்கா குழாயைக் கழற்றி, சிலிண்டரைக் கேன்டீனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அவர் அறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஒரு மாசத்துல சரியாகுமா?” என்றார்.

“ஆகும். புளிச்ச கரைசலைப் பாதி இறைச்சு வெளிய ஊத்தணும். சுண்ணாம்பு கரைச்சு விடணும். அப்புறம் தினம் முப்பது வாளி புதுச்சாணம். என் ஒருத்தியால ஆகாது சார். நாப்பது வீட்டுல உலை வைக்காம உக்காந்திருக்காங்க.”

“நாலு ஆள் வேணும்னு சங்கத்துக்கு எழுதிடறேன்.”

“எழுதுங்க. எதுக்குன்னு கேப்பாங்க.”

அவர் பேனாவைத் திறந்தார். ‘காரணம்’ என்று எழுதி, அதையும் அடித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து, தொட்டியருகே வந்து நின்றார். அவள் ஒரு வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“சட்டையைக் கழட்டி வச்சிடுங்க சார். கை தோள் வரைக்கும் உள்ள போகணும்.”