நீதிச் சீட்டு எடுத்துத் தந்த அம்மாள்

மைசூரில் கட்டடச் சாரம் சரிந்து என் கணவர் இறந்துபோனதற்காகக் காண்டிராக்டர் மீது நடந்த வழக்கில் மறுநாள் தீர்ப்பு. வீட்டில் இருப்புக் கொள்ளாமல், தேவராஜ மொஹல்லாவில் டாரட் சீட்டு பார்க்கும் ஓர் அம்மாளிடம் போனேன். நரைத்த கிராப்புத் தலை, தடித்த கண்ணாடி. ஒவ்வொரு சீட்டையும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

எனக்கு வந்தது நீதிச் சீட்டு. சிம்மாசனத்தில் ஓர் உருவம். ஒரு கையில் வாள், மறுகையில் தராசு.

“அப்ப அந்தக் காண்டிராக்டருக்குத் தண்டனை கிடைச்சுருமுங்களா?” என்றேன்.

“நோடி, இங்க பாரும்மா, சினிமாவுல நீதி தேவதைக்குக் கண்ணைக் கட்டியிருப்பாங்க. இதுக்குக் கண்ணு திறந்திருக்கு. நடந்தது எல்லாம் அதுக்குத் தெரியும்னு அர்த்தம். வாள் நேரா நிக்குது, முடிவு வரும். யாருக்குச் சாதகமா வரும்னு சீட்டு சொல்லாதம்மா.”

“பொய்யாவது சொல்லுங்க. இன்னிக்கு ஒரு ராத்திரி தூங்கிக்கிறேனுங்க” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பொய் எனக்கு வராது. நாளைக்குக் கோர்ட்டுக்குத் துணைக்கு வரட்டா?” என்றார்.

சொன்னபடியே நீதிமன்றத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாட்சிகள் மாற்றிச் சொல்லிவிட்டதால், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று காண்டிராக்டரை விடுதலை செய்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அவர்தான் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார். பிறகு என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தார்.

என்னை அவருக்கு ஒரே ஒரு நாள்தான் தெரியும். யாரை நினைத்து அப்படி அழுதார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.