சாமியாருக்குத் தெரியாத பதில்

தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மையை எனக்குக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அப்பா கரடியூரிலிருந்து ஒரு பன்றியைப் பிடித்து வந்து வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டார். குப்பனூர் அத்தைக்கும் சொல்லியாகிவிட்டது. பங்குச் சாமியார் வைக்கும் ஞானோபதேசப் பரீட்சையில் நான் தேறவேண்டியதுதான் பாக்கி. முந்தின வருஷம் பெரியப்பா மகன் ஒரு கேள்விக்கு "தெரியலீங்க" என்று சொன்னதால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா வெகுநாள் வெளியே தலைகாட்டவில்லை. அதனால் அம்மா பாத்திரம் கழுவும்போதுகூட என்னை விடாமல் ஒப்பிக்க வைத்தாள்.

பன்றிக்குத் தவிடு வைப்பது என் வேலை. அது விருந்துக்காக இருக்கிறது, விருந்து எனக்காக, நான் கடவுளுக்காக. அதுவரை சரி. ஆனால் மொத்தமும் எதற்காக? ஒன்பது வயதில் எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

சனிக்கிழமை சாமியார் கேட்டதற்கெல்லாம் மூச்சுவிடாமல் பதில் சொன்னேன். கடைசியில், "நீ ஏதாவது கேக்கணுமா கண்ணு?" என்றார். யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லீங்களே சாமி. அப்புறம் எதுக்குங்க இதெல்லாம் இருக்குது?"

கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்.

"தெரியலை கண்ணு" என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. பெரியப்பா மகனும் இதைத்தானே சொன்னான்! ஆனால் அவர் என்னைத் தேறிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். பாவம், அவரை யாராவது திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கவலைப்பட்டேன். அம்மா துருவித் துருவிக் கேட்டும் நான் மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பா கறியைப் பரிமாறிக்கொண்டே, "ஏனுங்க சாமி, எம் பொண்ணு ஒழுங்கா பதில் சொல்லுச்சுங்களா?" என்றார்.

"நொம்ப நல்லா சொல்லுச்சுங்க. நாந்தான் அது கேட்ட கேள்விக்கு முழிச்சிட்டேன்."

அவர் வேடிக்கை பேசுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அத்தைக்குப் புரையேறிவிட்டது. எனக்குக் கோபம். நான் கட்டிக்காத்ததை அவரே இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே! இலையை மூடிவிட்டு எழுந்து போனேன்.

அன்று காலைப் பூசையில் சாமியாரின் கைகள் நடுங்காமல்தான் என் நாக்கில் அப்பத்தை வைத்தன. பதில் தெரியாத ஒருவரால் அது எப்படி முடிந்தது என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.