அப்பா பார்க்காத கடைசிப் பந்து

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் பிடித்தவர் அப்பா ஒருவர்தான். ஆட்டத்தைப் பார்க்க அனுமதி இல்லாதவரும் அவர் ஒருவர்தான்.

அப்போது அரியலூரில் இருந்தோம். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து, ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு அப்பா உள்ளே நுழைந்தார். டிவியில் இந்தியாவின் விக்கெட் விழுந்தது. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே நடக்க, அவருக்கு ராசியில்லாதவர் என்று முத்திரை குத்தியாகிவிட்டது. அதற்குப்பிறகு ஆட்டம் இறுகினால் போதும், தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்பா, கொஞ்சம் வெளிய இருங்க" என்பான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். ஜன்னல் வழியாக, "என்னாச்சும்மா?" என்று என்னைக் கேட்பார். மறுநாள் போனில் ஹைலைட்ஸ் போட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். கேலியாக ஆரம்பித்ததுதான். அவர் அதை அப்படியே நம்பிவிட்டார் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

கல்யாணமாகி நான் பெரம்பலூர் வந்த பிறகும் இது ஓயவில்லை. தம்பி குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினான். பெரிய ஆட்டம் என்றால் அதில் முதல் கேள்வியே, "அப்பா எங்க இருக்காரு?" என்பதுதான். "தெருவுல" என்று பதில் வந்தால் ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போடுவார்கள்.

அப்பாவின் இதயம் தளர்ந்துபோனதும் பெரம்பலூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருநாள் காலை டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்குத்தான் கோப்பைக்கான இறுதி ஆட்டம். வெளிநாட்டில் நடந்ததால் இங்கே வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும். ஒரேயொரு வெற்றியையாவது, நடக்கும்போதே இந்த மனிதர் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

போனைத் தலையணையில் சாய்த்து வைத்தேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேணாம்மா. நான் பாத்தா போயிடும்."

"அது தம்பி சும்மா சொன்னதுப்பா."

"அந்தப் பசங்க எவ்வளவு பாடுபட்டு இதுவரைக்கும் வந்திருக்காங்க. கடைசியில நான் கெடுக்கவா?"

எனக்குக் கோபமாக வந்தது. கடல் தாண்டி ஆடிக்கொண்டிருந்தவர்களில் யாருக்காவது இந்த மனிதரைத் தெரியுமா?

போனில் வரும் ஆட்டம் எப்போதும் டிவிக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். கடைசி ஓவரில் என் போனில் இரண்டு பந்து மிச்சமிருக்கும்போதே, எதிரே டீக்கடையில் ஒரே கூச்சல். தொடர்ந்து பட்டாசு. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் செய்தியும் குழுவில் வந்து விழுந்தது. "ஜெயிச்சாச்சு!"

எனக்குச் சட்டென்று வழி பிறந்தது. அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அப்பா, ஜெயிச்சிட்டாங்க. வெடிச்சத்தம் கேக்குதா? போன்ல இப்பதான் வருது. இனிமே நீங்க பாத்தாலும் ஒண்ணும் மாறாது. திரும்புங்கப்பா."

மெல்லத் திரும்பினார். திரையில் பந்து வீச்சாளர் கடைசிப் பந்துக்கு ஓடி வந்துகொண்டிருந்தார். அப்பா ஊசி ஒட்டியிருந்த கையைத் தூக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

"இதுல இன்னும் முடியலையேம்மா. நீ பாத்துச் சொல்லு."

நான் பார்த்தேன். ஆட்டம் முடிந்தது. அவர் தலையை வருடியதும் அவரே கையை எடுத்தார். திரையில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்பா முகமெல்லாம் சிரித்தார்.

"பாத்தியா? நான் பாக்கல, ஜெயிச்சிட்டாங்க."

அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. அந்த வாரமே, நாட்டுக்கே கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்ட நிம்மதியோடு போய்ச் சேர்ந்தார்.