சூலம் பார்த்துப் போன விமானம்

இப்போதெல்லாம் விமானம் தாமதமானால் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. போன மாதம் பேரன் அப்படி ஒரு செய்தியைக் காட்டிச் சலித்துக்கொண்டான். நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பா ஒரு நாள் சலித்துக்கொண்டதைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு சலிப்பா?

மெட்ராஸில் வாக்கப்பட்ட அத்தையின் மகளுக்குக் காதுகுத்து. புதன்கிழமை, ராகு காலம் பிறக்குமுன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் என் அப்பா. ஆனால் அத்தை கல்யாணத்துச் சீரில் வந்த மனத்தாங்கலில் அவர் பல வருஷமாக அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை உட்காரவைப்போம் என்று அத்தை வீட்டுக்காரர் வகையில் சொல்லிவிட்டார்கள். அப்படி நடந்தால் உறவு அதோடு சரி.

செவ்வாய் ராத்திரி ரயிலேறினால் விடிந்ததும் மெட்ராஸ். ஆனால் செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் புறப்படக் கூடாது. இதற்கும் எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. நல்ல நாளிலேயே பெட்டியை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்பா திங்கட்கிழமையே தோடும் பட்டுப்பாவாடையும் வைத்த பெட்டியை வாடிப்பட்டிக் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் வைத்தார். செவ்வாய் சாயங்காலம் எடுக்கப் போனால் கதவில் பூட்டு. சைக்கிள் கடைக்காரர் குடும்பத்தோடு மாமனார் ஊருக்குப் போயிருந்தார். ரயிலும் போய்விட்டது. அவர் திரும்பியது விடியற்காலையில்.

"சூலத்துக்குத் தப்பிச்சுப் பூட்டுல மாட்டிக்கிட்டீகளே" என்றாள் அம்மா.

மிச்சமிருந்தது காலை விமானம்தான். அரசாங்க விமானம், சாதா டிக்கெட். சீர்த்தட்டுத் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு அப்பா விமான நிலையத்துக்கு ஓடினார். அங்கே போனால் விமானத்தைக் காணோம். மெட்ராஸிலிருந்து அது வந்தால்தான் திரும்பப் போகுமாம்.

"இப்ப வந்துரும், உக்காருங்க" என்றார் மேசைக்காரர்.

"இதையேதாண்ணே வந்ததுல இருந்து சொல்றீக. வராதுன்னா சொல்லிருங்க, மாட்டைப் பூட்டிக்கிட்டாவது போறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நகரத்து ஜவுளிக்கடை பாய் சிரித்தார். "மொதத் தடவையா தம்பி? இந்தப் பிளேனுக்கு நான் நாஷ்டா முடிச்சு, வெத்தல போட்டு, ஆற அமரத்தான் வருவேன்."

வெயில் ஏறிய பிறகு விமானம் வந்தது. வந்ததும் பெட்ரோல் போட்டார்கள். போட்டுவிட்டு ஒருவர் சக்கரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "அதுல என்ன எழுதியா இருக்கு?" என்று கத்தினார்.

உள்ளே இருக்கை, இரண்டு பேருக்கு ஒன்றரைப் பேர் அகலம். மடியிலிருந்த பெட்டியை மேலே வைக்கச் சொன்ன பெண்ணிடம், "ஒரு தடவை கையை விட்டு வச்சதுக்குத்தாம்மா இம்புட்டும்" என்று மறுத்தார். எனக்குக் கொடுத்த மிட்டாயையும் பிடுங்கிக் காதுகுத்துப் பிள்ளைக்கென்று வைத்துக்கொண்டார். விமானம் கிழக்கே பார்த்து ஓடிக் கிளம்பியதில் மட்டும் அவருக்கு ஓர் ஆறுதல். மெட்ராஸ் வந்ததும் இறங்காமல் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "ஊருதான் கீழ தெரியுதுல்ல, இறக்கிவிட வேண்டியதுதானே!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராகு காலமே முடிந்திருந்தது. பந்தலில் பாதிப் பேர் சாப்பிட்டிருந்தார்கள். ஒன்றுவிட்ட மாமன் மனையில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்து எழுந்து போயிருந்தார். ஆனால் காது குத்தியிருக்கவில்லை. ஆசாரியின் ஊசி காலையிலேயே தொலைந்துவிட்டதாம். தேடித் தேடி ராகு காலம் பிறந்துவிட்டதாம்.

அத்தை அப்பாவைப் பார்த்ததும் பாய்ந்தாள். "எதுக்குண்ணே இம்புட்டுச் சீக்கிரம் வந்த? இவ கல்யாணத்துக்கு வந்திருக்கலாம்ல!"

அப்பா மனையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஊசி. "இந்தாங்க ஆசாரி, இங்கனதான் கெடந்துச்சு" என்று நீட்டினாள்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: "அத்தைக்கு மறதின்னா மறதி! முந்தானையில ஊசிய முடிஞ்சு வச்சுக்கிட்டே வீடு பூராத் தேடவிட்டிருக்கு."

அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். விமானத்தில் போய் வந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன்.