பச்சைப் பெட்டியில் போட்ட சென்னைக் கடிதம்

சென்னைக்குத்தான் படிக்கப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. அத்தை பெண் அங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டு, குதிகால் உயர்ந்த செருப்பும் டிராம் வண்டிக் கதைகளுமாகத் திருவனந்தபுரத்துக்கு வந்து இறங்கினாள். எனக்கு அது போதுமாயிருந்தது. இன்டர்மீடியட் பரீட்சை முடிந்த கையோடு ஆரம்பித்தேன். அப்பா மாட்டேன் என்றார். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். உண்மையைச் சொன்னால் ஒன்றரை நாள்தான். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா கோவிலுக்குப் போன சமயம் பார்த்து ஒரு கிண்ணம் அவல் தின்றுவிட்டேன்.

அப்பா சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. தனக்கென்று யாரிடமும் போய் நின்று பழக்கமில்லாதவர். அவருடைய மேலதிகாரிக்குச் சென்னைக் கல்லூரி நிர்வாகத்தில் ஒருவரைத் தெரியும் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த அதிகாரி வீட்டுக்குப் போனார். சிபாரிசுக் கடிதத்தோடு திரும்பி வந்தார். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கடிதத்தைத்தான் பார்த்தேன்.

ஊரில் உள்ள கல்லூரிக்கும் பேருக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தோம். ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்தும் பதில் வந்தது. இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. நான் கேட்டது கணிதம். ஊர்க் கல்லூரி கேட்டதையே தந்திருந்தது. சென்னையில் கணித வகுப்பு நிரம்பிவிட்டதாம். சரித்திரம் எடுத்துக்கொள்வதானால் வரலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"சரித்திரமானா என்ன? மெட்ராஸ் மெட்ராஸ்தானே" என்றேன்.

அப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நன்னா யோசிச்சுக்கோ, கேட்டியா. அப்பறம் என்னைச் சொல்லப்படாது."

யோசிக்கிற ரகம் நான் இல்லை. அன்று சாயங்காலமே சென்னைக்கு வருகிறேன் என்று ஒரு கடிதமும், ஊர்க் கல்லூரிக்கு வரவில்லை என்று ஒரு கடிதமும் எழுதி ஒட்டிவிட்டேன்.

அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் இரண்டு தபால் உண்டு. ராஜ்யத்துக்குள் போகிற கடிதத்துக்குச் சங்கு போட்ட ஸ்டாம்பு ஒட்டிப் பச்சை நிற அஞ்சல் பெட்டியில் போட வேண்டும். வெளியூர்க் கடிதத்துக்கு இங்கிலாந்து ராஜா தலை போட்ட ஸ்டாம்பு. அது பிரிட்டிஷ்காரர்களின் சிவப்புப் பெட்டியில். எங்கள் தெருவில் பேச்சு வராத குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஸ்டாம்புகளைச் சரியாகத்தான் ஒட்டினேன். ஆனால் வழியெல்லாம் மனசுக்குள் சென்னை டிராமில் ஏறி இறங்கிக்கொண்டே நடந்ததில், இரண்டையும் பெட்டி மாற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் நாலு வீடு தள்ளி இருந்த பெண் வந்தாள். இன்டர்மீடியட் முடித்தவர்கள் தங்கள் புத்தகங்களை அடுத்த வருஷம் சேருகிறவளுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் தெரு வழக்கம். எனக்கும் அப்படி ஒரு அக்காவிடமிருந்து வந்தவைதான். இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தேன். பௌதிகம், ரசாயனம் எல்லாம் கொடுத்தேன். அல்ஜீப்ரா புத்தகம் கைக்கு வந்ததும் கை அங்கேயே நின்றுவிட்டது.

"அது தொலைஞ்சு போயிடுத்துடி" என்றேன். புத்தகம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நல்ல பெண், மற்றவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் புத்தகத்தைப் பிரித்தேன். மார்ஜின் முழுக்க என் பென்சில் எழுத்து. ஒரு பக்கத்தில் பாதியில் விட்ட கணக்கு ஒன்று இருந்தது. சும்மாதான் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா குளத்திலிருந்து வந்து கத்தினாள். விளக்கேற்றும் நேரத்தில் விடை வந்தது. அந்தச் சந்தோஷம் அடங்கும் முன்னே ஒன்று உறைத்தது. சென்னையில் எனக்கு யாரும் கணக்குக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு வருஷம் பாதுஷாக்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு டிராம் பார்க்க வேண்டியதுதான். நான் எவ்வளவு பெரிய அசடு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

புரிந்து என்ன பிரயோசனம்? கடிதங்கள் போயாகிவிட்டன. அதைவிடப் பெரிய சங்கடம், எனக்காக இன்னொருவர் வாசலில் போய் நின்ற அப்பாவிடம் என்ன சொல்வது? நாலு நாள் மென்று விழுங்கினேன். அம்மா எனக்காக முறுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை, அப்பா ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம் அஞ்சல்காரர் வந்தார். "சாமி, இது நம்ம அஞ்சல் வழி போகாது கேட்டோ. மதராசுக்கல்லே? ஸ்டாம்பும் அவங்க ஸ்டாம்பு" என்று என் கவரை நீட்டினார்.

அப்பா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சென்னையில் பணம் கட்டிச் சேர இன்னும் இரண்டே நாள் இருந்தது. "எங்கடி போட்டே இதை? செரி, செரி, நான் இப்பவே போய்த் தந்தி அடிச்சுடறேன்" என்று செருப்பில் காலை நுழைத்தார்.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"நேக்கு மெட்ராஸ் வேண்டாம். கணக்குதான் படிக்கணும்."

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்த மனுஷர் கிட்ட நான் எப்படிடி போய் நிக்கறது?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் அவருக்கு இன்னொன்று தோன்றிவிட்டது. "இங்க வரலைன்னு எழுதினியே, அது போய்ச் சேர்ந்திருந்தா? ரெண்டும் போச்சே!"

அன்று ஆபீசுக்கு நேரம் கழித்துப் போனார், அவர் உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். இருவரும் கல்லூரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். அலுவலக வாசலில் அப்பா நின்றுவிட்டார். "இதை நீயே போய்க் கேளு. நான் இங்க நிக்கறேன்" என்றார். கோபத்தில் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

உள்ளே இருந்த குமாஸ்தாவிடம் என் பெயரைச் சொன்னேன். ஒரு கடிதம் எழுதியிருந்தேன், அது வந்ததா என்றேன்.

"இந்தப் பேரில் கடிதம் ஒண்ணும் இல்லல்லோ" என்றார் அவர். பிறகு யோசித்து, "சங்கு ஸ்டாம்பு ஒட்டிப் பிரிட்டிஷ் தபாலில் பேரிங்காயிட்டு ஒண்ணு வந்நது. பேரிங் கவரை அபராதக் காசு கொடுத்து இவிடெ எடுக்கறதில்லை. திருப்பி விட்டாச்சு. அதில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்" என்றேன். "வரேன்னுதான் சொல்ல வந்தேன்."

கணித வகுப்புப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதியை இன்றுவரை நான் மறக்கவில்லை. என் அசட்டுத்தனத்துக்கும், பேரிங் கவரை வாங்க மறுத்த அந்தக் குமாஸ்தாவுக்கும் நான் கடமைப்பட்டவள்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "உங்க ஆபீசருக்கு என்ன சொல்லுவேள்?" என்று கேட்டேன். "அது நான் பாத்துக்கறேன். நீ ஆத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தார். இரவு வந்து சாப்பிட்டார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

அந்த வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். இரண்டு வருஷமும் எனக்குத் திருவிழாவாகப் போயிற்று. பிறகு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலையும் கிடைத்தது. நான் கல்லூரியில் சேர்ந்து எட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில், சிபாரிசு கொடுத்த அந்த அதிகாரியின் மனைவி என்னைக் கூப்பிட்டுப் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மெட்ராசுக்குப் போகாத பொண்ணு நீதானே? உங்க அப்பா அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தது எனக்கு நல்ல ஓர்மையுண்டு. பொண்ணு போகத் தயாராத்தான் இருக்கா, என்னாலதான் அவளைப் பிரிஞ்சு இருக்க முடியலை, க்ஷமிக்கணும்னு சொன்னார். சொல்லும்போதே கண்ணு நெறஞ்சு போச்சு, பாவம். எங்காத்து சார் எத்தனை வருஷம் அதைச் சொல்லிச் சிரிச்சிருக்கார் தெரியுமோ?"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் மனசு நிலையில்லாதவள் என்று ஒருத்தர் வாயிலும் வரக்கூடாது என்று, அந்தச் சிரிப்பை எட்டு வருஷமாக ஆபீசில் அவர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பந்தியிலிருந்து எழுந்து நேரே வீட்டுக்கு வந்தேன். அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்காக ஏம்ப்பா அப்படி ஒரு பொய் சொன்னேள்?" என்றேன்.

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தவில்லை. அதற்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"அது பொய்னு யாரு சொன்னா?"